மாடியறைச் சுருட்டு வாசம்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர், சென்னை-19.
11.06.2001

கர்த்தருக்குள் பிரியமான சுகிர்தம் அக்காவுக்கு,

தங்கை பெனிஷா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரராகிய இவர்களும் அத்தையும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் பொன்ராஜ் அத்தான் சுகத்தையும் எழுதவும்.

முதலில் சந்தோஷச் செய்தி. எனக்கு இது மூன்றாம் மாதம். சொன்னவுடன் அத்தை கடைக்கு இறங்கிப்போய்ப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆலிஸ் அத்தை மாதிரி மாமியார் யாருக்கும் கிடைக்காது என்று நீ கல்யாணத்திலேயே சொன்னாய். சரிதான்.

கீழே எங்கள் பலசரக்குக் கடை, மேலே வீடு. பகல் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சத்தம். வெள்ளைத்துணியைக் காயப்போட்டால் சாயங்காலம் கரி படிந்து கிடக்கும். காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து எண்ணெய் வாடை வரும், அது போனால் கருவாட்டு வாடை. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத வாசம் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம்தான் எழுத முடியும்.

மாமா இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் தொடக்கத்தில் தவறிப்போனார்களே, அவர்கள் வாயில் சுருட்டு இல்லாமல் நீ பார்த்திருக்க மாட்டாய். நெஞ்சில் வியாதி வந்து படுத்த பிறகும் விடவில்லை. இப்போது, மத்தியானம் சாப்பிட்டு நான் கண்ணயரும் நேரத்தில், வீடு முழுக்க அந்தச் சுருட்டு வாசம் வருகிறது. திரைச்சீலையில் ஒட்டிக்கிடக்கிற பழைய வாசம் இல்லை, அக்கா. இப்போதுதான் பற்றவைத்தது போல வருகிறது. மாமாவின் அறை பூட்டியே கிடக்கிறது. இவர்கள் கீழே கடையில் இருப்பார்கள். பீடி, சிகரெட் எதையும் தொடுகிறவர்களும் இல்லை.

சாயங்காலம் அரிசி புடைக்கும்போது அத்தையிடம் கேட்டேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “மாமா வந்துருக்காவ. பேரப்பிள்ளை வரப்போவுதுல்லா, பாக்க வாராவ” என்றார்கள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்கள். இவர்களைக் கேட்டால், “அப்பா வாசம் அவ்வளவு சீக்கிரம் போயிருமா?” என்கிறார்கள்.

எனக்கு அந்த வாசம் வந்தால் வாந்தி வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் இங்கே போன் கடையில் இருக்கிறது, அங்கே அத்தானின் தபாலாபீசில் இருக்கிறது. நமக்குக் கடிதம்தான் வசதி. உடனே பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
பெனிஷா


பனைவிளை,
29.06.2001

அன்பான தங்கை பெனிஷாவுக்கு,

அக்கா எழுதுவது. தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். அத்தானும் வாசித்துச் சந்தோஷப்பட்டார்கள். உன்னையும் எபினேசர் தம்பியையும் ஆலிஸ் அம்மாவையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

முருங்கைக்கீரை, முட்டை சாப்பிடு. பாரம் தூக்காதே. மாடிப்படியில் மெதுவாக இறங்கு. இங்கே பதநீர் முடிந்துவிட்டது, கருப்புக்கட்டி நல்லதாகக் கிடைத்தால் ஆள் வசம் கொடுத்துவிடுகிறேன். கோயிலில் உனக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் அந்த வீட்டில் படுக்காதே. காற்றாட வெளியே போய் உட்கார். வேறு விசேஷம் இல்லை. அத்தான் தபால் பையைக் கட்டுகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன்.

சுகிர்தம்


காலடிப்பேட்டை,
20.07.2001

பிரியமான அக்காவுக்கு,

பெனிஷா எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகும், சுகமில்லை என்று எழுதவும் தெரியவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தில் சுருட்டு வாசம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தியானம் வெளியே போ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எங்கே போவேன்? வெளியே வெயிலும் லாரிப் புழுதியும்தான்.

அத்தை என் படுக்கையை மாற்றிவிட்டார்கள். மாமா அறைச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர்தான் வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்குமாம். என் தலைக்கு நேர்மேலே, இரண்டு அறைக்கும் நடுவில் காற்றுப்போக்கு ஓட்டை ஒன்று இருக்கிறது. நேற்று மத்தியானம் விழித்துப் பார்க்கிறேன், அந்த ஓட்டையிலிருந்து புகை இறங்குகிறது. வெள்ளையாக, மெல்லிசாக, சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் வயிற்றுமேல் கலைந்தது. அந்த நிமிஷம் வரை உள்ளே மீன்குஞ்சு போலத் துடித்துக்கொண்டிருந்த பிள்ளை அசையாமல் கிடந்தது. எழுந்துபோய் மாமா அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை.

மீன் கொண்டுவருகிற பச்சையம்மாவுக்கும் வாசம் தெரிந்திருக்கிறது. “இன்னாம்மா, உங்க வூட்டு பெர்சு பூட்ச்சுன்னாங்கோ, சுருட்டு இன்னும் கமகமன்னு வந்துகினு கீது?” என்று கேட்டாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, “புள்ளத்தாச்சி, அந்த ரூமாண்ட படுக்காத. கைல எதனா கயிறு மந்திரிச்சு கட்டிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். நாம் கயிறு கட்டுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் சொன்னது காதிலேயே இருந்தது.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நீ இரண்டு தடவை உண்டாகி இரண்டும் இல்லாமல் போனதே, அப்போது உன் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்ததா? நீ அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இப்போது சொல்.

பெனிஷா


பனைவிளை தபாலாபீஸ்,
13.08.2001

கர்த்தருக்குள் பெனிஷாவுக்கு,

பொன்ராஜ் எழுதுவது. இங்கு சுகம். உன் கடிதத்தை நான் வாசித்தேன். உன் அக்காளுக்கு இப்போது உடம்பு முன்னப்பின்ன இருக்கிறது. முடிந்துபோன சங்கதிகளைக் கிளறி எழுதி அவள் மனசைக் கலைக்க வேண்டாம். கொடுத்ததும் எடுத்ததும் ஆண்டவர். அதில் கேள்வி கேட்க நாம் யார்?

சுகத்துக்கு மட்டும் எழுதினால் போதும். எபினேசர் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பொன்ராஜ்


காலடிப்பேட்டை,
30.08.2001

அன்பான அக்காவுக்கும், அக்காவுக்கு முன்னால் இதை வாசிக்கப்போகிற அத்தானுக்கும்,

தோத்திரம். சுகத்துக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மாதத்துக்கு ஏற்ற வளர்த்தி பிள்ளைக்கு இல்லையாம். டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “வீட்ல யாரும்மா சிகரெட் பிடிக்கிறாங்க?” என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பிடிக்கணும்னு இல்ல. பக்கத்துல ஒருத்தர் விடுற புகை போதும், பிள்ளைக்குப் போற ரத்தம் குறையும்” என்றார்கள்.

இறந்துபோன மாமனார் பிடிக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? இவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் இவர்கள் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

பெனிஷா


பாளையங்கோட்டை,
14.09.2001

என் கண்ணான பெனிஷாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இது நம் ஊர்ப் பெட்டியில் போட்ட கடிதம் இல்லை. டீச்சர் ட்ரெய்னிங்கில் என்னோடு படித்த நீலா வீட்டில் உட்கார்ந்து எழுதி, நானே இங்கே தபாலில் சேர்க்கிறேன். இனிமேல் எனக்கு எழுதுவதானால் நீலாவின் விலாசத்துக்கு எழுது. உறையின் பின்பக்கம் குறித்திருக்கிறேன். ஊரில் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அத்தான் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் வீட்டில் எந்தப் பேயும் இல்லை. அத்தான் கட்டிலில் உட்கார்ந்து சிகரெட் குடிப்பார்கள். கொசு வருகிறது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். நான் பக்கத்தில் படுத்திருப்பேன். முதல் பிள்ளை நிறைமாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. அடுத்தது ஏழாம் மாதம், நஞ்சுக்கொடி பிரிந்து, வீடெல்லாம் ரத்தம். அப்போது இங்கே பெரிய டாக்டரம்மா என்னைத் தனியாக வைத்து, உன் டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். பிள்ளை போனதற்கு நூறு காரணம் இருக்கலாம், அதில் இதுவும் ஒன்று, இதை மட்டும் நம்மால் நிறுத்த முடியும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். “எங்கப்பா வீட்டுக்குள்ள இருந்து பீடி குடிச்சாவ, எங்கம்மா எட்டு பெத்தா. ஓன் வயிறு சரியில்லன்னு சொல்லு” என்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஊரும் வயிறு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டது.

செத்தவர்களுக்குத் தீப்பெட்டி கிடையாது, பெனிஷா. உங்கள் வீட்டில் யாரோ கொளுத்துகிறார்கள். பயந்து படுத்துக் கிடக்காதே. எழுந்து போய் யாரென்று பார்.

உன் அக்கா,
சுகிர்தம்


காலடிப்பேட்டை,
29.09.2001

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுததை எழுதி உன்னை அழவைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ சொன்னபடி பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. இவர்கள் கீழே. அத்தை வழக்கம்போல, “கொஞ்சம் தலைய சாய்க்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். நான் கட்டிலில் தலையணையை நீட்டிப் போட்டுப் போர்வையால் மூடிவிட்டு, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாசம் வந்தது. மாமா அறைக் கதவில் பூட்டு தொங்கியது. ஆனால் நாதாங்கியோடு சேராமல் சும்மா தொங்கியது. இத்தனை நாள் பூட்டு தொங்குவதை மட்டும் பார்த்து, கதவைத் தட்டிய அன்றும் இதைக் கவனிக்காமல், பூட்டியிருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

தள்ளினேன்.

அத்தை மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் அரைக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தார்கள். கையில் சுருட்டு. இரண்டு இழுப்பு இழுத்து, எழுந்து ஸ்டூலில் ஏறி, காற்றுப்போக்கு ஓட்டைக்கு நேராக, என் கட்டில் பக்கமாக, மெதுவாக ஊதினார்கள். ஊதிவிட்டு, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில், “தாத்தா வந்துருக்கேன்லா” என்றார்கள். அத்தையின் குரலாகவே அது இல்லை, அக்கா. மாமாவின் கரகரப்பு அப்படியே இருந்தது.

“அத்தை” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்கள். பயப்படவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து, “சும்மா வச்சா அணைஞ்சிருது. அதான் இழுக்கேன்” என்றார்கள்.

“எதுக்கு அத்தை?”

“அவிய வாசம் போயிரக் கூடாதுல்லா. அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாளே சட்டைல வாசம் கொறஞ்சுட்டு. வீட்டுக்குள்ள அவிய இல்லாத மாரி ஆயிட்டு. ஒண்ணு கொளுத்துனேன், வந்துட்டாவ.”

“நான் அந்தப் பக்கம் படுத்துக் கிடக்கேன்னு தெரியும்லா?”

“தெரியும். பேரப்பிள்ளைக்கு அவிய வாசம் தெரிய வேண்டாமா? பெறந்து வரும்போது யார்னு கண்டுக்கிடணும்லா.”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளை வளரவில்லை என்று சொன்னேன். அத்தை சுருட்டைப் பார்த்தார்கள், என் வயிற்றைப் பார்த்தார்கள். “புகைல என்ன இருக்கு? அது காத்துதானே” என்றார்கள். ஆனால் சுருட்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

இன்னும் ஒன்று. மேசைமேல் சுருட்டுக்கட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் எங்கள் கடைச் சரக்கு. இவர்கள்தான் எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “அம்மா அழாம இருக்காவள்லா பெனிஷா, அதான்” என்றார்கள். ஸ்கேன் அறையில் தரையைப் பார்த்தது இதற்குத்தான். கடையில் வேலை செய்கிற ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது ஆவி.

பெனிஷா


பாளையங்கோட்டை,
15.10.2001

பெனிஷாவுக்கு,

அக்கா எழுதுவது. அந்த வீட்டை விட்டு இறங்கு. அத்தை நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் பண்ணினாலும் இறங்கு. அதே தெருவில் ஒரு அறை கிடைத்தாலும் போதும். எபினேசர் தம்பி வந்தால் வரட்டும், வராவிட்டால் பின்னால் வருவார்.

என் வீட்டுக்கு வா என்றுதான் எந்த அக்காளும் எழுதுவாள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. என் வீட்டின் காற்றும் அதே காற்றுதான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கும் மூன்றாம் மாதம் நடக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாது. அத்தானுக்குத் தெரியும். தெரிந்தும் நேற்று கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்து போய்க் கோழிக்கூட்டுப் பக்கம் நின்றேன். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டாலே இப்போது என் கை தானாக வயிற்றை மூடிக்கொள்கிறது.

உனக்கு எழுதுகிறபடி நடக்கிற தைரியம் எனக்கும் வேண்டும் என்று ஜெபித்துக்கொள்.

சுகிர்தம்


காலடிப்பேட்டை,
25.11.2001

பிரியமான அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கை என் கட்டைவிரல் நகம் அளவு. இப்போது பால் குடிக்கிறாள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

உன் கடிதம் வந்த வாரமே வீட்டை விட்டு இறங்கிவிட்டோம். பச்சையம்மா பார்த்துக் கொடுத்த ஓட்டு வீடு. இவர்களும் வந்துவிட்டார்கள். ஆனாலும் பிள்ளை நிறைமாதம் காத்திருக்கவில்லை. புகையால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இல்லன்னும் சொல்ல மாட்டேன்” என்றார்கள்.

வலி வந்தபோது ஆட்டோவில் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தது பச்சையம்மாதான். வழியெல்லாம், “தோ வந்துட்ச்சு, அவ்ளோதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கே வந்துவிட்டது என்று பார்த்தால் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம்.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வாசலில் நர்ஸ் சேலையை முகர்ந்துவிட்டு உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டாள். அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்தார்கள். பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போய் சுருட்டுக்கட்டுகளையும் மாமாவின் சட்டையையும் காசிமேட்டுக் கடலில் போட்டுவிட்டார்களாம். இவர்கள் ஆள்வைத்து அந்த அறைக்கு வெள்ளையடித்தார்கள், நாற்காலியையும் கொடுத்துவிட்டார்கள். கூட வந்து இருங்கள் என்று அத்தையைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்கிறார்கள். அந்த மாடியில் தனியாக இருக்கிறார்கள்.

நீ எப்படி இருக்கிறாய்? உன் மூன்றாம் மாதம் இப்போது ஐந்தாக வேண்டும். எழுது.

பெனிஷா


பாளையங்கோட்டை,
08.01.2002

அன்பான தங்கைக்கு,

நான் சுகம். நீலா வீட்டில்தான் இருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்புகிறவளாக இல்லை, இருக்க வந்தவளாக. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இடம் கிடைத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றார்கள், கையில் சிகரெட். “அதைக் கீழே போட்டுட்டு உள்ள வாங்க. காப்பி போடுதேன்” என்றேன். போடவில்லை. அது தீரும் வரைக்கும் நின்றார்கள். தீர்ந்ததும் இன்னொன்று பற்றவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பிள்ளை உள்ளே பலமாக உதைத்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

சுகிர்தம்


காலடிப்பேட்டை,
02.05.2002

என் பிரியமான அக்காவுக்கு,

தந்தி கிடைத்தது. மூன்று கிலோ மகன் என்று வாசித்ததும் இவர்கள் கடையில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்கள். நீ நன்றாக ஓய்வெடு. அத்தான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினார்கள் என்று நீலா அக்கா எழுதியிருந்தார்கள். இனி எப்படி இருப்பார்களோ, கர்த்தர் அறிவார். என் மகளும் இப்போது கன்னம் வைத்துவிட்டாள். குளிர் வந்தால் மட்டும் நெஞ்சு இரைகிறது.

ஒரு காரியம் எழுத வேண்டும்.

உன் தந்தி வந்த அன்று, சந்தோஷத்தோடு சந்தோஷமாக, பிள்ளையை அத்தையிடம் தூக்கிக்கொண்டு போனேன். சுருட்டைக் கடலில் போட்ட நாளிலிருந்து அத்தை அதைத் தொட்டதில்லை. மாதக்கணக்காகிவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். நல்ல வெயில் நேரம். கீழ்ப்படியில் கால் வைத்ததும் மேலே கதவு திறந்தது. அத்தை அவசரமாக இறங்கி வந்து பாதிப்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்கள். ரொம்ப மெலிந்திருந்தார்கள்.

“ஏறாத” என்றார்கள். “பிள்ளைய வெளிய கொண்டு போ.”

“ஏன் அத்தை?”

“வாசம் வருது.”

நான் அத்தையைப் பார்த்தேன்.

“நான் கொளுத்தல, பெனிஷா. அடுப்புக்குக்கூட லைட்டர்தான், அது சமையக்கட்டுல தொங்குது. மொதல்ல மனசுக்குள்ளதான்னு நெனச்சேன். வெள்ளயடிச்சும் வருது. கதவ மாத்தியும் வருது. மத்தியானம் அந்நேரமாச்சுன்னா வந்துருதாவ.” குரல் தணிந்துவிட்டது. “அப்பம் வரணும் வரணும்னு இருந்தேன். இப்பம் பயமா இருக்கு.”

சுவரும் மரமும் இத்தனை வருஷம் குடித்த புகையை வெயிலில் கக்கும் என்று இவர்கள் பிறகு சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் நின்ற இடத்துக்கே வாசம் இறங்கி வந்தது, அக்கா. புதிதாகப் பற்றவைத்த வாசம். அத்தையின் கையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது.

“எங்க கூட வந்துருங்க அத்தை” என்றேன்.

“நான் கூப்பிட்டுல்லா வந்தாவ. விட்டுட்டு எப்படி வருவேன்?” என்றார்கள். என்னோடு தெருவரைக்கும் வந்து, லாரிகள் போகிற வெயிலில் நின்று, பிள்ளையின் பாதத்தைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்தார்கள். முத்தமிடவில்லை. “இவளுக்கு அவிய யார்னு தெரிய வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படியேறிப் போனார்கள். கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

உன் மகனுக்கு முத்தங்கள். ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்கு.

உன் தங்கை,
பெனிஷா